முதுகைக் காட்டாத கைடு

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காது. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அவர் நன்றாகப் பேசுகிறார். என்னைவிட நன்றாக. அதுவும் என் வேலையில் வந்து பேசுகிறார்.

என் வேலை என்றா சொன்னேன்? கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஓசூர் சிப்காட்டில், இரும்பு வார்ப்புகளை வாங்கிக் கடைந்து, துளை போட்டு, வண்டிப் பாகங்களாக அனுப்பும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் அதற்குத்தான். ஆனால் வாடிக்கையாளர் வந்தாலும், கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினாலும், அவர்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டுவது நான். இதற்கு எந்த உத்தரவும் கிடையாது. ஒருநாள் மேனேஜருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ போய்க் காட்டிட்டு வாய்யா" என்றார். போனேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். முடிந்ததே என்ற சந்தோஷத்தில் தட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அன்று முதல் கம்பெனியில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. "கைடு எங்க? கைடைக் கூப்பிடு" என்பார்கள். சட்டைப் பையில் மெடல் குத்தின மாதிரி இருக்கும்.

அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. சாமல்பட்டியில் நான் படித்தபோது கைடு என்றால் புத்தகம். பாடப் புத்தகத்தைவிடத் தடிமனாக இருக்கும். எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கும். கைடு வைத்திருப்பவன் பாடத்தைத் திறக்கவே வேண்டாம். ஆகவே என் மனதில் கைடு என்றால் எல்லாம் தெரிந்தது, யோசிக்கத் தேவையில்லாதது. பின்னால் நான் அப்படியே ஆனேன் என்று என் மனைவி சொல்வாள்.

பிறகு ஆராய்ச்சி செய்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கைடு, கைடு என்று நடுங்குவதைப் பார்த்தேன். அது அவருடைய பேராசிரியர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் பந்தி விசாரித்துவிட்டு வந்தார். கம்பெனிக்கு வந்த பிறகு, டூல் ரூமில் இன்னொரு கைடு. அச்சின் மேல்பாகம் கோணாமல் நேராக இறங்க வேண்டும் என்பதற்காக ஓரத்தில் நிற்கும் தூண். அதைக் கைடு பில்லர் என்பார்கள். வேலை முழுக்க அச்சுதான் செய்யும். இது சும்மா நின்று எண்ணெய் குடிக்கும். ஒரே சொல்லுக்குள் புத்தகம், பேராசிரியர், இரும்புத் தூண், கடைசியில் நான்.

வழிகாட்டி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது பேனரில் இருக்கிறது. பிறந்த நாள் கொண்டாடுகிற தலைவர்களுக்கு அது போய்விட்டது. "எங்கள் வழிகாட்டியே" என்று யாராவது என்னைக் கூப்பிட்டால், மாலை போடப் போகிறார்களோ என்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். தலையில் ஹெல்மெட்டும் கையில் சின்னக் கொடியுமாக, "இப்படி வாங்க, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று கத்துகிறவனுக்குக் கைடு போதும்.

இதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவர்களுக்கு நான் முதுகைக் காட்டுவதே இல்லை. மெஷின்கள் நிற்கும் எங்கள் ஷாப் தரையில் நடப்பதற்கு என்று பச்சைப் பாதை பூசி, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அதில் நான் பின்னோக்கி நடப்பேன். முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கால் தானாகப் பின்னால் போகும். பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி குறுக்கே வரும் இடங்களில் நின்று, வலது பக்கம் கை நீட்டி, இடது பக்கம் கை நீட்டி, "ஓகே" என்று உரக்கச் சொல்லித்தான் கடக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கூட்டமும் அதேபோல் செய்யும். பழகிப் பழகி ராயக்கோட்டை சாலையைக் கடக்கும்போதும் நான் கை நீட்டி "ஓகே" சொல்வேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் வந்து நின்றுவிடுவார்கள்.

எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை என் முதுகு அறியும். இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் வாடை அடித்தால் கடைசல் பிரிவு. பிடரியில் சூடு பட்டால் பாகங்களைக் கழுவும் மெஷின். கடைசியாக, முதுகு ஷட்டரில் "டங்" என்று இடித்தால் அங்கே நிற்க வேண்டும். இடது கையை நீட்டி, "இதோ, எங்கள் கம்பெனியின் இதயம்!" என்று சொல்ல வேண்டும். கை நீளும் இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த பெரிய மெஷின் நிற்கும். திரும்பிப் பார்க்காமல் சொல்வதில்தான் இருக்கிறது அழகு.

இப்படி நான் ராஜாவாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மனிதவளப் பிரிவுக்கு அந்த அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். அஞ்செட்டிப் பக்கம் சொந்த ஊர். இதற்குமுன் வேறு கம்பெனியில் இருந்தவர். "சார், ஒரு விசிட்டுக்கு நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டார். கற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்துப் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அன்றைக்கு வந்தவர்கள் கர்நாடகத்துக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்கள். நான் மெஷின் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பொழிந்துகொண்டிருந்தேன். அவர் ஓரமாக நின்று ஒரு பெண்ணிடம், "நீவு எல்லிந்த பந்த்ரி?" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் முகம் மலர்ந்து ஊர்க் கதையை ஆரம்பித்தார். இன்னொருவரிடம் தெலுங்கில், "மீதே ஊரண்டி?" பத்து நிமிஷத்தில் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் கொடியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு மெஷினை விளக்கிக்கொண்டிருந்தேன். பழைய காலத்தில் இப்படிப்பட்ட ஆளைத் துபாஷி என்பார்களாம், இரண்டு பாஷைக்காரர் என்று. அதுவும் கடன் வாங்கின சொல்தான். இந்த அம்மாவுக்கு நான்கு பாஷை. எனக்கு ஒன்றரை.

போகட்டும். அடுத்த விசிட்டில் என் ஆஸ்தான ஜோக்கை எடுத்துவிட்டேன். "கைடுங்கிற வார்த்தையே தமிழ்தாங்க. கையைக் காட்டுறதால கைடு. எங்க ஊர் ஸ்டேஷன்ல ரயிலுக்கு இருந்தது கைகாட்டி, கம்பெனிக்கு நான் கைடு." எப்போதும் சிரிப்பார்கள். அன்று கண்ணாடி போட்ட ஒருவர், "நிஜமாவா?" என்று குறிப்பேட்டை எடுத்துவிட்டார். நான் தலையாட்டுவதற்குள் அந்த அம்மா, "சார் ஜோக்கு சொல்றாருங்க. அது இங்கிலீஷுக்கே பிரெஞ்சுல இருந்து வந்தது" என்று புன்னகையோடு சொன்னார்.

சார் ஜோக்கு சொல்றாராம்.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் அகராதிகளைத் தேடினேன். அவர் சொன்னது தப்பு என்று ஒரே ஒரு அகராதியாவது சொல்லாதா? எல்லா அகராதியும் அவர் கட்சி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம். பிரெஞ்சுக்கு அதைக் கொடுத்தது இன்னும் பழைய ஜெர்மானியப் பாஷையாம். அங்கே அதற்கு வழி காண்பிப்பது என்று பொருளாம். இன்னும் தோண்டிப் போனால் பார்ப்பது, அறிவது என்கிற வேரில் போய் முட்டுகிறதாம், நம் வித்தையும் வேதமும் கிளம்பிய அதே வேர். இத்தாலியில் இன்னும் விசேஷம். பழைய ரோமாபுரியில் வாயால் பிழைத்த ஒரு மகா பேச்சாளரின் பெயரையே ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு வைத்துவிட்டார்களாம். ஓயாமல் பேசுகிறவர்கள் என்பதால்.

"பாத்தியா, இது என்னைப் பத்தித்தான்" என்று மனைவியிடம் காட்டினேன்.

"ஓயாம பேசறதுக்குப் பேரு வெக்கணும்னா நம்ம தெருவுல வந்து உங்க பேரையே கேட்டிருப்பாங்களே" என்றாள்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்றைக்கு மெஷின்கள் ஓடாது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் திருஷ்டிப் பூசணி உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். வேலை செய்கிறவர்களின் குடும்பம் உள்ளே வந்து பார்க்கலாம். அந்த வருஷம் என் மாமனார் கல்லாவியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் தடவை.

மாமனார் நிலம் நீச்சு உள்ள மனிதர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குக் கல்யாணத்தன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. தரம் பார்ப்பது என்று சொன்னால், "செஞ்சவனே பாத்துக்க மாட்டானா மாப்ள?" என்பார். அதனால் சுற்றிக் காட்டுகிற வேலையைப் பற்றியே அளந்துவிட்டிருந்தேன். வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் என் பின்னால்தான் வருவான் என்று. ஒரே ஒரு தடவை அவர் என்னை அந்தக் கொடியோடு, கூட்டத்துக்கு முன்னால், பார்த்துவிட வேண்டும். பெண்ணைக் கொடுத்தது வீண் போகவில்லை என்று அந்த மீசை அசைய வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்கு நீ ரெஸ்ட் எடுய்யா. குடும்பத்தோட இரு. மேடம் சுத்திக் காட்டட்டும்."

"பரவால்ல சார், எனக்கு ரெஸ்ட் வேணாம்."

"உனக்கு வேணாம். வர்றவங்களுக்கு வேணும்" என்று சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மாமனார் புது வேட்டி, துண்டோடு வந்து இறங்கினார். விடியற்காலையிலேயே கிளம்பி, பஸ் மாறி மாறி வந்திருந்தார். வந்ததும் வராததுமாகக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தலையில் ஹெல்மெட்டை வைத்ததும் முழித்தார். "கொடி எங்க மாப்ள?" என்று கேட்டார்.

கொடி அந்த அம்மா கையில் இருந்தது. பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தார். அதுவும் பொருத்தமாகவே இருந்து தொலைத்தது.

"இன்னைக்கு அவங்களுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கேன் மாமா" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் நீளமான கூட்டம். முன்னால் அந்த அம்மா எல்லோரையும் போல நேராக நடந்தார். பாதி தூரம் நடந்து, நின்று, திரும்பி, பேசினார். மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்த மெஷின் யாரோடது? அண்ணா, நீங்களா? உங்க வீட்டம்மா வந்திருக்காங்களா? வாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் நாள்பூரா எங்க நிக்கிறாருன்னு பாருங்க" என்றார். அந்தப் பெண் பச்சைப் பாதையின் ஓரத்தில் நின்று, புருஷன் நிற்கிற இடத்தைப் பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். எனக்கு ஏன் இத்தனை வருஷமாக இது தோன்றவில்லை என்று நினைத்தபோது, பொறாமை கால் கட்டைவிரல் வரைக்கும் இறங்கியது.

வால் பகுதியில் நானும் மாமனாரும் இன்னும் சில பெரியவர்களும் இருந்தோம். வயதானவர்கள், மெதுவாக நடப்பவர்கள். அங்கே முன்னால் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. மாமனார் ஒரு மாதிரி நெளிந்துகொண்டு நின்றார். அலுப்பு என்று நினைத்தேன். இதுதான் சமயம் என்றும் நினைத்தேன். இரண்டு எட்டு வைத்து அவர்களுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றேன்.

"பெரியவங்க எல்லாம் இப்படி வாங்க. நான் காட்டுறேன்."

அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! மாமனார் முதல் ஆளாக வந்தார். என் வாழ்நாளில் எந்தக் கூட்டமும் இவ்வளவு ஆவலாக என் பின்னால் வந்ததில்லை. வேகமாக வேறு வந்தார்கள். நான் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன். வாய் திறந்தது. கால் போனது. கூலன்ட் வாடை வந்தது, கடைசல் பிரிவைச் சொன்னேன். குறுக்குப் பாதையில் நின்று கை நீட்டி "ஓகே" சொன்னேன். பெரியவர்களும் வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி மறு கையை நீட்டி "ஓகே" என்றார்கள். பிடரியில் சூடு படவில்லை. மெஷின் இன்று நிறுத்தியிருக்கிறதே, எப்படிப் படும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இனி ஷட்டர்தான்.

வாழைக்கன்றுகளை உள்ளே கொண்டுவருவதற்காக அன்று காலை அந்த ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தூக்கியவர்கள் இறக்கவில்லை. இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். என் முதுகுக்குத் தெரியாது.

நடந்தேன். காற்று வந்தது; ஃபேன் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். காலடியில் ஏதோ நெறுநெறுவென்றது. பேசிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டிப் போகிறவருக்குத் தெரியாதா என்கிற மரியாதை. கடைசியில் முதுகு எதிலோ இடித்தது. "டங்" என்று கேட்கவில்லை, "சொத்" என்று கேட்டது. பரவாயில்லை என்று இடது கையை வீசி நீட்டினேன்.

"இதோ, எங்கள் கம்பெனியின் இதயம்!"

எல்லோரும் பார்த்தார்கள். நானும் அவர்கள் பார்வை போன பக்கம் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே மலைபோல இரும்புச் சுருள் குப்பை. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அது தலையை மட்டும் தூக்கி எங்களைப் பார்த்தது. என் முதுகு சாய்ந்திருந்தது, வாசலில் உடைத்த பூசணிக்காயைக் கூட்டி அள்ளி வைத்திருந்த பீப்பாய்மேல். திடுக்கிட்டுத் திரும்பினேன், பூசணித் துண்டில் கால் வழுக்கியது, உட்கார்ந்தேன். திருஷ்டி கழித்த குங்குமத் தண்ணீர் பேன்ட் முழுக்க. யார் கண் யார்மேல் பட்டதற்கு யார் கழிக்கிறார்கள் என்று அந்த நாய்க்குக்கூடப் புரிந்திருக்கும்.

மாமனார் குனிந்து என் காதருகில், "மாப்ள, அடி கிடி படலியே?" என்றார். "இல்ல மாமா." "அப்ப சரி. இங்கியே ஓரமாப் போயிக்கலாமா, இல்ல ரூமு தனியா இருக்குதா?"

எனக்கு விளங்கவில்லை.

"பஸ் எறங்குனதுல இருந்து அடக்கிக்கினு இருக்கேன் மாப்ள. அந்தம்மா கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்க காட்டுறேன்னு கூப்பிட்டதும் சாமி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"எங்களுக்கும் அதேதான்பா. எனக்குச் சர்க்கரை வேற" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர். அவர்கள் அத்தனை பேரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

அப்போதுதான் ஷட்டர் பக்கம் புடவை தெரிந்தது. வாலைக் காணோம் என்று அந்த அம்மா தேடிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் என் மனைவி, அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டம். பூசணிக்காய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னையும், குப்பைக்கு எதிரே வரிசையாக நின்ற பெரியவர்களையும் அவர் ஒரு கணம் பார்த்தார். அவர் மட்டும் அப்போது சிரித்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

"சார் நல்ல வேலை பண்ணாரு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மிச்சமாகிற இரும்பு எங்க போகுதுன்னு நான் காட்ட மறந்துட்டேன். இதெல்லாம் உருக்கித் திரும்பவும் வார்ப்பாகும். பாத்துக்குங்க." கூட்டம் எட்டிப் பார்த்தது. கைதட்டியது. என் குப்பைக்கும் அவருக்கே கைதட்டல்!

நான் எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, முதல் தடவையாக முதுகைக் காட்டி முன்னால் நடந்தேன். பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போனால் கழிப்பறை. பேச்சில்லை, கொடியில்லை. கதவைத் திறந்து, "இதுதாங்க" என்றேன். அகராதி சொன்ன பழைய பொருளில் பார்த்தால் அன்றைக்குத்தான் நான் சரியான கைடு. வழியைக் காட்டினேன், அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி அந்த அம்மாவைப் பற்றியே பேசினாள். எப்படி அழகாகப் பேசினார், எப்படி ஒவ்வொருவரையும் கேட்டார். "நீங்க நிக்கிற எடத்தையும் காட்டுனாங்க" என்றாள்.

"என் எடமா? எங்க?"

"தரம் பாக்கற மேசை. 'இவரு கையெழுத்துப் போடாம ஒரு பாகமும் வெளிய போகாது'ன்னாங்க. நீங்கதான் அப்பாவைக் கூட்டிக்கினு அந்தப் பக்கம் போயிட்டீங்களே."

ஆக, மாமனார் பார்க்க வேண்டியதை அந்த அம்மா காட்டியிருக்கிறார். மாமனாரை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போனவன் நான். இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனைவி சொன்னாள். இன்றுவரை சொல்லவில்லை. நாக்கு வரமாட்டேன் என்கிறது.

இப்போது விசிட் என்றால் அந்த அம்மா முன்னால், நான் கடைசியில். "பின்னாடி ஒருத்தர் இருந்தா யாரும் வழி தவற மாட்டாங்க சார்" என்று அவரே மேனேஜரிடம் என்னைக் கேட்டு வாங்கினார். எல்லோரையும் போல நேராக நடக்கிறேன். முன்னால் கைதட்டல் கேட்கும்போது நானும் தட்டுகிறேன், சத்தம் வராமல்.

போன வாரம் மாமனார் போன் செய்தார். கல்லாவி சந்தையில் யாரிடமோ எங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

"வர ஆயுத பூஜைக்கும் வரேன் மாப்ள. நம்ம பங்காளிங்க ரெண்டு பேரும் வராங்க."

"வாங்க மாமா, வாங்க" என்றேன். நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்தம்மாவேதான காட்டுவாங்க?"

"ஆமா மாமா."

"அப்ப சரி. நீங்களும் பின்னாடியே வாங்க, அவசரத்துக்கு."